45 நாளில் ஒரு நாள்



விஜயதசமி அன்னிக்கு நம்ம கோயில் வாசலுக்கு வாகன பூஜைக்கு வந்த பச்சை மோரிஸ் மைனரை நிறைய பேர் படம் எடுத்தீங்க. "யாரோட வண்டி? இன்னும் எப்படி ஓடுது?"ன்னும் கேட்டீங்க. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற அவசரத்துல பதில் சொல்ல முடியல. இப்போ சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

வண்டி நம்ம அன்னதானக் குழுவுல சாம்பார் அண்டா பக்கம் நிற்பாரே, அந்த மாமாவோடது. அவங்க அப்பா வாங்கினது. சிங்கப்பூர்ல 35 வருஷம் தாண்டின காரை கிளாசிக் திட்டத்துல பதிஞ்சு வச்சா, வருஷத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மாமா நாள்காட்டியில பென்சிலால குறிச்சு வச்சிருப்பார். அதுல விஜயதசமி மட்டும் எப்பவும் பேனாவுல இருக்கும். அவர் அம்மாவுக்கு இப்போ 90 வயசு ஆகப்போகுது. வருஷத்துல அந்த ஒரு நாள், கணவர் ஓட்டின காரில் தேக்கா வழியா கோயிலுக்கு வரணும்.

போன வருஷம் இன்ஜின் பிளாக்கில் விரிசல். காரே வரல. பாட்டி சக்கர நாற்காலியில வந்து, "அப்பா கார் எங்கடா?"ன்னு கேட்டாங்க. மாமா பதில் சொல்லாம அண்டாவைக் கிளறிட்டு இருந்தார். நான் பக்கத்துல நின்னேன்.

மெக்கானிக்கா வேலை பார்த்தவன் நான். "இன்ஜினை மாத்திடலாம் மாமா, நான் பார்த்துக்கிறேன்"னு வாய் விட்டுட்டேன். பழைய இன்ஜின் 948 சிசி. 1962-லேர்ந்து மைனர்ல வந்தது 1098 சிசி. ரெண்டும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம். அதனால பாடியில எதையும் வெட்ட வேண்டியதில்லை. எல்டிஏ அனுமதி, புது இன்ஜின் எண்ணைப் பதியறது எல்லாத்தையும் மாமா முறையா முடிச்சார்.

சிக்கல் டிஸ்ட்ரிபியூட்டர்ல வந்தது. அது என்னன்னு கேட்பவர்களுக்கு: பந்தியில நாலு இலை, பரிமாறுறவர் ஒருத்தர்னு வச்சுக்கோங்க. நாலு சிலிண்டருக்கும் சரியான நேரத்துல தீப்பொறியைப் பரிமாறுறதுதான் அதோட வேலை. இந்த இன்ஜினுக்கு வரிசை 1, 3, 4, 2. பழசுல பாயின்ட்னு சின்ன இரும்பு நாக்கு திறந்து மூடும். இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நடுத்தண்டு தேய்ஞ்சு ஆட ஆரம்பிச்சா அந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். பொறி ஒரு நேரம் முந்தும், ஒரு நேரம் பிந்தும். மாமாவோடது அப்படித்தான் தேய்ஞ்சு போயிருந்தது.

"எலக்ட்ரானிக் போட்டுடலாம்"னேன். அதுல பாயின்ட் கிடையாது, தேயவும் தேயாது. மாமாவுக்கு மனசில்லை. "இன்ஜினும் போச்சு, இதுவும் போனா அப்பாவோடதுன்னு என்னப்பா மிச்சம்?" என்றார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. "பழசைத் தூக்கிப் போட மாட்டேன் மாமா"ன்னு மட்டும் சொன்னேன்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். நாங்க வாங்கின எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நெகட்டிவ் சேர்ந்திருக்கணும். மாத்தாம இணைச்சா உள்ளே இருக்கிற சர்க்யூட் கருகிடும். பேட்டரி வயரைத் திருப்பி, காயில் வயரை மாத்தி, டைனமோவுக்கும் புதுத் திசை காட்டினோம். இதெல்லாம் நிதானமா செஞ்சேன்.

நிதானம் தவறினது கடைசியில. கிராங்க் புல்லியில் இருக்கிற குறியை மேலே கொண்டு வந்து, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்குதோ அதுக்கு நேரா முதல் சிலிண்டர் வயரைச் சொருகினேன். புது டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கிற சின்ன பச்சை விளக்கும் எரிஞ்சுது. "சாவி போடுங்க மாமா!"

டமார்! கார்பரேட்டர் வழியா ஒரு வெடி. பக்கத்துல இருந்தவங்க ஓடி வந்துட்டாங்க. விஜயதசமிக்கு நாலு நாள்தான் இருந்தது. எனக்குக் கை நடுங்கிடுச்சு. மறுபடியும் சாவி போடப் போனவரை நிறுத்திட்டு உட்கார்ந்து யோசிச்சேன்.

புரிஞ்சுது. கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினா டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால புல்லிக் குறி ரெண்டு தடவை மேலே வரும். ஒரு தடவை சிலிண்டர் உள்ளே கலவை அமுங்கி, பொறிக்காகக் காத்திருக்கும். இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளி முடிச்சிருக்கும். குறி ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் குறியை மட்டும் நம்பிட்டேன்.

முதல் பிளக்கைக் கழட்டி, ஓட்டையில கட்டை விரலை வச்சு, மாமாவை இன்ஜினைக் கையால சுத்தச் சொன்னேன். காத்து விரலைத் தள்ளிச்சு. அதுதான் சரியான சுற்று. வயர்களை நேர் எதிர்ப் பக்கத்துக்கு மாத்தினேன். முதல் சாவியிலேயே பிடிச்சுது. மாமா சிரிச்சுக்கிட்டே, "வெடி எல்லாம் தீபாவளிக்கு வச்சுக்கலாம்பா" என்றார்.

இத்தனை வருஷ அனுபவத்துல நான் பண்ணின தப்பு இது. வெளியில தெரியற குறியைப் பார்த்துட்டே "தெரியும்"னு நினைச்சேன். உள்ளே கை வச்சுப் பார்க்கல. சேவையிலயும் எனக்கு இந்தப் பழக்கம் உண்டுன்னு மனசுல பட்டுது. போன வருஷம் பாட்டி கேட்டப்போ மாமா முகத்தை நான் பார்த்தேன். அதுக்கப்புறம் எவ்வளவு நாள் கழிச்சு வாயைத் திறந்தேன்னு எனக்குத்தான் தெரியும்.

அன்னிக்குப் பாட்டி முன் சீட்ல உட்கார்ந்தாங்க. சிராங்கூன் ரோடு திரும்பினதும், "சத்தம் மாறிடுச்சேடா" என்றார்கள். மாமா ஒண்ணும் சொல்லாம ஹாரனை ஒரு தடவை அழுத்தினார். பாட்டி தலையாட்டிட்டு, "ம்... அப்பா கார்தான்" என்றார்கள்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டர் எங்கேன்னு கேட்டீங்கன்னா, பிஸ்கட் டின்னில், மாமா வீட்டு சாமி அலமாரியில், அவர் அப்பா படத்துக்குக் கீழே. அன்னிக்கு அதுக்கும் சந்தனம், குங்குமம் வச்சிருந்தார்.