வாசல் தெளிக்க ஒரு சொல்

ஜெர்மன் மொழியில் சில வினைச்சொற்கள் இரண்டாகப் பிரியும். 'ஆவ்ஃப்ரொய்மன்' என்றால் ஒழுங்குபடுத்துதல். 'இஷ் ரொய்ம டீ க்யூஷ ஆவ்ஃப்', அதாவது அடுக்களையை ஒழுங்குபடுத்துகிறேன் என்னும்போது, 'ஆவ்ஃப்' வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது. பயனிலைக்காக இறுதிவரை காத்திருக்கும் தமிழ்க் காதுக்கு இது அந்நியமல்ல.

செவிலியர் பணிக்கு ஜெர்மனி செல்லவிருக்கும் என் மகள், கீரனூர் வீட்டில் துடைப்பமும் கையுமாக இவற்றை உருப்போடுகிறாள். 1706இல் ஜெர்மனியிலிருந்து வந்து தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அந்தப் பயணம் இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது.

கூட்டுவதற்கும் துலக்குவதற்கும் துணி உலர்த்துவதற்கும் சொற்கள் கிடைத்துவிட்டன. வாசல் தெளிப்பதற்கு மட்டும் அவளுடைய பாடப்புத்தகத்தில் சொல் இல்லை. "அங்கே தேவைப்படாதுப்பா" என்று சிரிக்கிறாள். சொல் தேவைப்படாத இடத்தில் வழக்கமும் மெல்ல உதிர்ந்துவிடும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.