பெரட்டுக் களமும் உணவு மேசையும்

என் தந்தையார் தெப்ராவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தித் தலை எண்ணுவார். பின்னர் நிரை நிரையாக நடந்து, யார் எந்த மரத்தில் நிற்கிறார் என்று பார்த்து வருவார். கண்ணில் பட்டவர் வேலை செய்பவர், படாதவர் ஏய்ப்பவர். நான் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று ஆசிரியனாகிப் பின் தலைமையாசிரியனும் ஆனேன். ஆயினும் அந்தக் களம் என்னை விட்டு நீங்கவில்லை என்பதை ஐம்பதாம் அகவையில்தான் உணர்ந்தேன். உணர்த்தியவள் என் மகள்.

அவள் மென்பொருள் பொறியாளர். சிங்கப்பூர் நிறுவனமொன்றில் ஒன்பது பொறியாளர்களுக்குத் தலைவி. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த ஜொகூர் பாலம், நாள்தோறும் அதனைக் கடந்து பிழைத்தவர்களுக்குக் கடக்கவொண்ணாததாயிற்று. அன்று முதல் எங்கள் வீட்டு உணவு மேசையே அவளுக்கு அலுவலகம். அவள் குழுவினருள் மூவர் சிங்கப்பூரிலும் நால்வர் சென்னையிலும் இருவர் போலந்திலும் இருந்தனர். போலந்தில் பொழுது விடியும்போது நமக்கு நண்பகலாகிவிடும்.

அவள் யாரையும் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் வியப்பளித்தது அதுதான். எந்நேரமும் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு முடிவெடுத்தால், அதன் காரணத்தையும் கைவிட்ட வழிகளையும் சேர்த்தே எழுதி வைப்பாள். அவள் உறங்கும் வேளையில் விழித்திருப்பவர் அவளைக் கேளாமலே வேலையைத் தொடரலாம். வாரந்தோறும் ஒவ்வொருவரிடமும் தனியே அரைமணி நேரம் பேசுவாள். அப்பேச்சில் பாதி வேலையைப் பற்றியதாக இராது. ஓரிரவு அவர்கள் உருவாக்கிய அமைப்பு நின்றுபோயிற்று. மறுநாள் நடந்ததையெல்லாம் மணிவாரியாக எழுதினார்கள். தவறிழைத்தவர் பெயர் மட்டும் அதில் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“பேர் போட்டா, அடுத்த தடவ யாரும் உண்மைய எழுத மாட்டாங்கப்பா” என்றாள்.

தென்காசியைப் பற்றியும் அவளே எனக்குச் சொன்னாள். ஜோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியருகே மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க உதவும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்னும் மென்பொருள் அங்கே உருவானது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே 2019இல் அப்பக்கத்துச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். மனிதர் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் ஆக்கும் பொருளின் அமைப்பும் அப்படியே அமையும் என்று மெல்வின் கான்வே என்னும் அமெரிக்கர் 1968இலேயே எழுதியிருக்கிறார். தொலைவில் இருப்பவரிடம் துண்டு துண்டாக வேலையைக் கொடுத்தால், ஒவ்வொரு துண்டும் மற்றொன்றுக்காகக் காத்துக் கிடக்கும். முழுப்பொருளையும் ஒப்படைத்தால் அவர்களே கூடிப் பேசி முடிப்பார்கள்.

அதே மேசையின் மறுமுனையில் அமர்ந்து நான் என்ன செய்தேன்? ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கு மூன்று முறை ஒளிப்படம் கேட்டேன். பாடம் நடத்தும் படம், பயிற்சித்தாளின் படம், மாணவர் வருகைப் படம். தந்தையாரின் பெரட்டுக் களத்தைக் கைப்பேசிக்குள் அமைத்துவிட்டதாக உள்ளூர ஒரு பெருமிதமும் இருந்தது.

இளம் ஆசிரியை ஒருவர் மட்டும் நான்கு நாள்களாகப் படம் அனுப்பவில்லை. அனைவரும் பார்க்கும்படி குழுவிலேயே கடிந்து எழுதினேன். “மன்னிக்கவும் ஐயா” என்ற இரண்டே சொற்கள் வந்தன. சில வாரங்கள் கழித்துப் பெற்றோர் ஒருவர் எனக்கு நன்றி கூற அழைத்தார். அவ்வகுப்பில் எட்டுப் பிள்ளைகளின் வீட்டில் ஒரே கைப்பேசி. பகலில் அது தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அவ்வாசிரியை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார். அதற்கு ஏது படம்?

2021இல் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டபோது நான் படம் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆண்டு வகுப்பையும் அதன் ஆசிரியர்களிடமே முழுமையாக ஒப்படைத்தேன். வாரம் ஒருமுறை தனித்தனியே அழைத்துப் பேசினேன். எல்லாம் செவ்வனே நடந்தது என்று எழுத மனம் ஒப்பவில்லை. ஒருவர் உண்மையிலேயே வேலை செய்யவில்லை. நேரில் இருந்தால் ஒரே வாரத்தில் தெரிந்திருக்கக்கூடியது இரண்டு மாதம் கழித்தே தெரிந்தது. தந்தையாரின் கண்ணுக்கும் ஒரு பயன் இருந்தது.

பள்ளி திறந்த பின்னர், எல்லார் முன்னும் கடிந்தவன் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்பதே முறை என்று கருதி, ஆசிரியர் கூட்டத்தில் அவ்வாசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த எட்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை என் மேசைமேல் வைத்துச் சென்றார். மூன்று பெயர்களின் கீழே கோடிட்டிருந்தார். அம்மூவருக்கும் இன்னும் வாசிப்புக் கைவரவில்லை.