பகைவர் எத்தனை பேர்?

பகைவரை எண்ணிப் பார்ப்பதில் மனிதனுக்குள்ள ஆசை இன்று நேற்று ஏற்பட்டதன்று. போர்க்களத்திலே ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனுக்கே பரணி பாடலாம் என்று நம் இலக்கண நூலார் விதி செய்து வைத்தனர். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிட்டவன் கதி என்ன என்று அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தவராகிய நமக்கோ கந்தபுராணம் உயிர். நமது வாழ்க்கை முறைக்கே 'கந்தபுராணக் கலாசாரம்' என்று பெயர் சூட்டினார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. அப்புராணத்தில் முருகனோடு சென்ற பூதப்படை 2000 வெள்ளம்; சூரன் ஆண்ட அண்டங்கள் 1008; ஆண்ட காலம் 108 யுகம். கோயில் மண்டபத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும்போது, இந்த எண்களைக் கேட்டு வாய்பிளந்து நில்லாத பிள்ளை அக்காலத்தில் இல்லை.

இந்தப் பழைய ஆசை இப்போது கணினித் திரைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. துப்பாக்கி ஆட்டம் என்று பிள்ளைகள் சொல்லும் ஒருவகை விளையாட்டு உண்டு. அதில் வீரனின் முகம் தெரியாது. ஆடுபவனுடைய கண்ணே வீரனின் கண். திரையின் அடியில் அவன் ஏந்திய ஆயுதம் மட்டும் தெரியும். எதிரே பகைவர் வருவர். 2002 ஆம் ஆண்டிலே போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்த பின்னர், மணிக்கணக்கிற்குக் காசு கொடுத்து ஆடும் கணினி நிலையங்களில் நம் இளைஞர் பலர் இவ்வாட்டங்களைக் கற்றனர். அன்று ஆடியவர்கள் இன்று தகப்பன்மார். அவர்களுடைய பிள்ளைகள் அதே ஆட்டங்களின் புதிய பாகங்களை ஆடுகின்றனர்.

எமது தமக்கையின் மகன் வீட்டில் இதுபற்றி ஒருநாள் பெரிய விவாதமே நடந்தது. "இப்பத்தைய ஆட்டத்தில ஒரு நேரத்தில நாலைஞ்சு பேர்தானே வாறாங்கள்? எங்கட காலத்தில கூட்டங் கூட்டமா வந்தாங்கள்" என்றார் தகப்பன். "அப்பா, அதுகள் வெறும் மட்டைப் பொம்மையள்" என்றான் மகன். "மட்டையெண்டாலும், எத்தினை பேரெண்டு எண்ணிப் பார்த்தியோ, தம்பி?" என்று மடக்கினார் தகப்பன். நாம் நடுவர் பதவியை ஏற்றோம். விஷயத்தை ஆராய்ந்தபோது இருவர் பக்கமும் நியாயம் இருப்பதைக் கண்டோம்.

1993 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் 'இட் சொஃப்ற்வெயார்' நிறுவனம் 'டூம்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் வரும் அரக்கர் மெய்யாகவே தட்டைப் படங்கள்தாம். சில அரக்கரைக் களிமண் முதலியவற்றால் உருவமாகச் செய்து, எட்டுத் திசையும் சுழற்றிப் படம் பிடித்தனர். ஆடுபவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கத்துப் படத்தைக் கணினி எடுத்துக் காட்டும். இது எளிய வேலை. ஆகையால் அன்றைய சிறிய இயந்திரம்கூட ஒரு கூடம் நிறைய அரக்கரை நிறுத்த முடிந்தது. 1996 இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'குவேக்' ஆட்டத்தில் பகைவருக்கு முன்னும் பின்னும் பக்கமும் உள்ள முழு உடம்பு வந்தது, எண்ணிக்கை குறைந்தது. 2004 இல் வந்த 'டூம் 3' விளக்கொளியையும் நிழலையும் கணத்துக்குக் கணம் கணக்கிட்டது. இருண்ட நடைபாதைகளில் ஓரிருவரே எதிர்ப்பட்டனர்.

இயந்திரத்தின் வலிமை வளர வளரப் பகைவர் தொகை குறைவது விந்தையாகத் தோன்றும். ஆனால் நம் அடுக்களையில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு கொத்து அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சினால் அயலுக்கெல்லாம் வார்க்கலாம். பொங்கலாகப் பொங்கினால் நாலு பேருக்குத்தான் காணும். புதிய ஆட்டத்தை ஆக்கியோர் தம் அரிசி முழுவதையும் பொங்கலாகப் பொங்கினர். பகைவனின் தோலும் தசையும் மினுங்கின. அவன் பதுங்கவும் பாயவும் கற்றான். பத்து மட்டைப் பொம்மைகளைவிட அப்படிப்பட்ட ஒருவன் அச்சந்தருவான் என்பது மகனின் கட்சி. அது பிழையன்று.

நம் கோயில் வீதியிலும் இதே நியாயம் உண்டு. கந்தசஷ்டியின் ஆறாம் நாள், நல்லூரிலும் ஏனைய முருகன் கோயில்களிலும் சூரன்போர் நடக்கிறது. புராணத்தில் வெள்ளக்கணக்கான அசுரசேனை. வீதியிலோ இளைஞர் தோளில் துள்ளியாடும் சூரன் ஒருவனே. யானைத் தலையைப் பொருத்தினால் தாரகன்; சிங்கத் தலையைப் பொருத்தினால் சிங்கமுகன்; பின்னர் சூரன்; முடிவில் மாமரம். சேனை எங்கே என்று எவரும் கேட்பதில்லை. ஏட்டுக்கு எல்லை இல்லை. வீதிக்கு எல்லை உண்டு. எத்தனை பகைவரைக் காட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது அரங்கம். குறையை நிரப்புவது பார்ப்பவன் மனம்.

ஆயினும் எண்ணிக்கையைவிட முக்கியமான வேறொரு வேறுபாடு எமக்குப் புலப்பட்டது. பழைய டூம் ஆட்டத்தில் ஒவ்வோர் அரக்கனும் இன்ன அறையில் இன்ன மூலையில் என்று ஆக்கியோன் கையால் வைக்கப்பட்டவன். ஆடுபவன் தெரிந்துகொண்ட கடினத்துக்கேற்ப அவர்கள் தொகை கூடும் அல்லது குறையும். ஆனால் பெரும்பாலும் வரம்புடையது. வெறுமையாக்கிய அறை வெறுமையாகவே கிடக்கும். கட்டம் முடிந்ததும் ஒரு கணக்குத் தோன்றும்: கொன்றது எத்தனை வீதம், எடுத்த பொருள் எத்தனை வீதம், கண்டுபிடித்த இரகசிய இடம் எத்தனை வீதம், சென்ற நேரம் எவ்வளவு. நூறு வீதம் என்று கண்டால் பையனுக்குப் பரீட்சையில் சித்தியடைந்த மகிழ்ச்சி.

1994 இல் வந்த இரண்டாம் பாகத்தில் மட்டும் ஒரு வில்லங்கம். அதில் 'ஆர்ச்-வைல்' என்ற ஓர் அரக்கன் மாண்டவரை எழுப்பிவிடுவான். சூரன் அமுத சீத மந்தரகிரியைக் கொணர்வித்து, இறந்த அசுரரை உயிர்ப்பித்த கதையைக் கேட்டவர்களுக்கு இது புதுமையன்று. ஆட்டத்தின் ஆர்வலர்கள் 2001 இல் பதினாயிரத்துக்கு மேற்பட்ட அரக்கரை ஒரே களத்தில் நிறுத்தியும் பார்த்தனர். அதுவும் எண்ணி முடிக்கக்கூடிய பதினாயிரமே.

பின்வந்த ஆட்டங்கள் சிலவற்றில் இந்த வரம்பு மறைந்தது. 2007 இல் வெளியான 'கால் ஒவ் டியூட்டி'யின் நான்காம் பாகத்தில், வீரன் குறித்த ஓரிடத்தைக் கடக்கும்வரை பல களங்களில் எதிரிகள் வந்துகொண்டேயிருப்பர். எத்தனை பேரைச் சுட்டாலும் குறையார். 2016 இல் வந்த புதிய டூமிலோ களத்தின் வாயில்கள் அடைபடும். ஓர் அலை ஓய மற்றோர் அலை வரும். 2025 இல் வெளிவந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' மறுபடியும் பெருங்கூட்டத்தை நாடியது. கண்முன் நிற்பவர் சிலரோ பலரோ, இன்னும் எத்தனை பேர் என்பது ஆடுபவனுக்குத் தெரிவதில்லை. "முடிஞ்சுதோ?" என்று தாய் சாப்பாட்டுக்கு அழைக்கும்போது, "இன்னும் கொஞ்சம், அம்மா" என்று பிள்ளை சொல்வது முழுப் பொய்யன்று, அவனுக்கே அது தெரியாது.

இதைப் பொழுதுபோக்குச் சங்கதி என்று தள்ளிவிட எம்மால் இயலவில்லை. நமது நிலம் 1983 முதல் 2009 வரை மெய்யான போரைக் கண்டது. அப்போரில் இறந்தோர் எத்தனை பேர் என்பதற்கு எல்லோரும் ஒப்பும் ஒரு தொகை இன்றுவரை இல்லை. காணாமற்போனோரின் தாய்மார் 2017 முதல் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வடக்கின் வீதியோரங்களில் அமர்ந்தனர். காணாமற்போனோருக்கான அலுவலகம் 2018 இல் பணி தொடங்கியது. விளையாட்டிலே மாண்டவரை ஒரு நொடியில் நூறு வீதம் எண்ணிக் காட்டுகிறது இயந்திரம். மெய்யிலே ஒருவரைக்கூட எண்ணி ஆறமுடியாத தாய் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறாள். இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை இயந்திரம் பிள்ளைக்குச் சொல்லாது, பெரியவர்கள்தாம் சொல்லவேண்டும்.

அதற்காகக் கணினியைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. பூட்டிவைத்தால் பிள்ளை நண்பன் வீட்டுக்குப் போவான். ஒருநாள் பக்கத்தில் அமர்ந்து, "இண்டைக்கு எத்தினை பேர்? யார் அவங்கள்? ஏன் வாறாங்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம். முதற் கேள்விக்கு உடனே விடை வரும். மற்ற இரண்டுக்கும் பிள்ளை சற்று யோசிப்பான். அந்த யோசனைக்குள்ளே நாம் பேசுவதற்கு இடம் இருக்கிறது.

அப்போது கந்தபுராணத்தின் முடிவையும் சொல்லலாம். வெள்ளங்களாலும் அண்டங்களாலும் எண்ணித் தொடங்கிய அந்தப் பெரும்போரிலே, கடைசிப் பகைவன் மாண்டவர் கணக்கில் சேர்க்கப்படவில்லை. மாமரமாய் நின்றவனை வேல் பிளந்தது. ஒரு கூறு மயிலாயிற்று, மறு கூறு சேவலாயிற்று. ஒன்று முருகனைச் சுமக்கிறது. மற்றது அவன் கொடியில் நின்று கூவுகிறது.