குயவரான பேராசிரியர்

கற்பிக்கும் தொழிலில் உள்ளோரை வாட்டும் ஐயம் ஒன்றுண்டு. நாள்தோறும் பிறருக்கு ஒரு கலையைச் சொல்லிக்கொடுப்பவன் தானும் அதனைச் செய்கின்றானா, அன்றி அதுபற்றிப் பேசுவதோடு அமைந்துவிடுகின்றானா என்பதே அது. ஆசிரியராகிய நமக்கு இவ்வையம் எழும்போதெல்லாம் அமெரிக்க நாட்டுக் குயவர் ஒருவரின் வாழ்க்கை நினைவுக்கு வருகின்றது. வோரன் மக்கென்சி என்பது அவர் பெயர்.

1924ஆம் ஆண்டிற் பிறந்த அவர் ஓவியராகவே விரும்பினார். யுத்தசேவை முடிந்து சிக்காகோ கலைக்கல்லூரிக்குத் திரும்பியபோது ஓவிய வகுப்பில் இடமில்லை. மட்பாண்ட வகுப்பில் இடமிருந்தது. இங்ஙனம் தற்செயலாகக் கைக்கு வந்த களிமண் பின்னர் அவரை விட்டு நீங்கவேயில்லை.

கற்றது போதாதென உணர்ந்த அவரும் மனைவி அலிக்ஸும், புகழ்பெற்ற குயவரான பெர்னாட் லீச்சைத் தேடி இங்கிலாந்து சென்றனர். இவர்களுடைய பாண்டங்களைப் பார்த்த லீச், சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஊர் திரும்புமுன் ஓரிரவு, சூளைக்குக் காவலிருந்த அவரோடு இவர்களும் கண்விழித்து உரையாடினர். அதன்பின் அவர் மனம் மாறிற்று. 1949 முதல் 1952 வரை இருவரும் அங்கே பணிபுரிந்தனர். லீச் வரைந்து கொடுத்த உருவங்களையே திரும்பத் திரும்ப வனைவது அவர்களுக்கு உவப்பளிக்கவில்லை. ஆனால் அவர் வீட்டிலிருந்த ஜப்பானியக் குயவர் ஹமாதாவின் கலங்களை நாள்தோறும் எடுத்துப் புழங்கியது பெரும் பாடமாயிற்று. நல்ல கலத்தைக் கண் மட்டும் அறிந்தாற் போதாது. கையும் அறிதல் வேண்டும்.

1953இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான மக்கென்சி, 1990 வரை அங்கே கற்பித்தார். அவரிடம் பயின்ற மார்க் ஃபாரிஸ் பிற்காலத்தில் அங்கேயே பேராசிரியரானார். 1962இல் அலிக்ஸ் நோயால் இறந்தார். இரு பெண்மக்களுடன் தனித்த நிலையிலும், ஸ்டில்வோட்டர் என்னும் ஊரில் இருவரும் அமைத்த பட்டறையில் அவர் தொடர்ந்து வனைந்தார்.

அவர் வனைந்தவை பெரும்பாலும் சோற்றுக் கிண்ணங்கள், கோப்பைகள், தட்டுகள். சாதாரண வீட்டுக்காரரும் அஞ்சாமல் வாங்கிப் புழங்குமாறு சொற்ப விலையே வைத்தார். பட்டறையை அடுத்த விற்பனைக் கூடத்திற் காவலில்லை. வந்தவர் விலைச்சீட்டைப் பார்த்துப் பணத்தைக் கூடையிலிட்டு வேண்டியதை எடுத்துச் செல்வர்.

புகழ் பெருகவே இடர் வந்தது. சிலர் அள்ளிச் சென்று அதிக விலைக்கு விற்றனர். ஒருவர் வாங்கும் தொகைக்கு வரம்பு விதித்தும் பயனில்லை. 2006இல் கூடத்தை மூடினார். விலையை உயர்த்தியிருந்தால் வணிகர் கூட்டம் தானே விலகியிருக்கும் என்பார் உளர். அப்பொழுது எவர் அடுக்களைக்காக அவர் வனைந்தாரோ, அவரும் விலகியிருப்பரன்றோ?

கூடம் மூடப்பட்டதேயன்றிச் சக்கரம் நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டின் இறுதி நாளில், 94ஆம் வயதில் அவர் காலமானார். அவர் கிண்ணங்கள் அரும்பொருட்சாலைகளில் உள்ளன. காலை உணவு மேசைகளிலும் உள்ளன. பின்னதையே அவர் பெரிதும் விரும்பியிருப்பார் என எண்ணுகின்றோம். வகுப்பிற் கூறியதை வீடு திரும்பித் தம் கையாற் செய்து பார்த்தமையால், முதலிற் சொன்ன ஐயம் அவரை அணுகியிராது. நாமும் பாடக்குறிப்பை மூடிய பின் நமது கையில் எஞ்சுவது யாது என்று கேட்டுக்கொள்வது நன்று.