பப்பில் கண்ணுக்குத் தெரியாத வரிசை

லண்டனுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் திணறுவது பப்பில்தான். மேசையில் உட்கார்ந்து சர்வருக்காகக் காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும் (அதற்குள் கடையை மூடிவிடுவார்கள், அது வேறு). பெரும்பாலான பப்களில் நாமே கவுன்ட்டருக்குப் போய், கையோடு காசைக் கொடுத்து வாங்கி வரவேண்டும்.

அங்கே வரிசை இருப்பதாகத் தெரியாது. ஆனால் உண்டு. யாருக்குப் பின் யார் என்பது ஊற்றிக்கொடுப்பவருக்கும் தெரியும், நிற்பவர்களுக்கும் தெரியும். நோட்டை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, கூப்பிடுவது எதுவும் ஆகாது. அவர் கண்ணில் பட்டால் போதும். கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியலாளர் 1996இல் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பப் நடைமுறைகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார் என்றால் பாருங்கள்!

இதைவிட முக்கியம் ‘ரவுண்டு’. ஒருவர் கூட்டத்துக்கே வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவருடையது. ஆரஞ்சு ஜூஸ் மட்டும் குடிப்பவருக்கும் விலக்கு இல்லை. நம் முறை வரும்போது போனை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினால் யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். மறக்கவும் மாட்டார்கள். மொய்க் கணக்கேதான், நோட்டுப் புத்தகம் மட்டும் இல்லை.

இந்தப் பழக்கத்தை அரசாங்கமே ஒருமுறை தடுத்துப் பார்த்தது. முதல் உலகப்போர் நேரம். குடியால் ஆயுத உற்பத்தி கெடுகிறதென்று, ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கித் தருவதையே 1915இல் லண்டன் உட்படப் பல பகுதிகளில் தடைசெய்தார்கள். சாப்பாட்டோடு வாங்கிக் கொடுத்தால் மட்டும் குற்றமில்லை. மனைவிக்கு வாங்கிக் கொடுத்தவர்கூட அபராதம் கட்டியிருக்கிறார். போர் முடிந்தது, தடையும் போனது. ரவுண்டு போகவில்லை.