மொட்டை மாடியில் ஒரு செம்புப் பலகை

செம்பு ஒட்டிய பலகையை மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கி, பச்சை நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கி, வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்வதில் எனக்குத் தீராத பிரியம். இன்று வடிவமைப்புக் கோப்பை அனுப்பினால் தொழிற்சாலையே துளை வரைக்கும் போட்டு அனுப்பிவிடுகிறது. நேர்த்தியும் அதில்தான் அதிகம். ஆனாலும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் முதல் போர்டையாவது கையால் செய்ய வேண்டும் என்பேன்.

சூட்சுமம் டோனரில் இருக்கிறது. லேசர் பிரிண்டரின் கருப்பு, நுண்ணிய பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். சர்க்யூட் படத்தை வழவழப்பான பத்திரிகைத் தாளில் அச்சிட்டுச் செம்பின் மேல் கவிழ்த்து, அயர்ன் பாக்ஸால் அழுத்தித் தேய்த்தால் செம்போடு ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட் அச்சு உதவாது. தாளின் வழவழப்புக்குக் காரணமான களிமண் பூச்சு தண்ணீரில் ஊறியதும் இளகி, தாள் கூழாக உரிந்து வரும். அங்கே அவசரம் கூடாது.

பலரும் குழம்புவது இட வலத்தில். கவிழ்த்து ஒட்டுவதால் படம் திரும்பிவிடும். செம்பு அடிப்பக்கம் உள்ள போர்டை மென்பொருள் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலவே காட்டுவதால், அதை அப்படியே அச்சிடலாம். உதிரிகளும் செம்பும் ஒரே பக்கம் என்றால்தான் கண்ணாடிப் பிம்பம் வேண்டும். ஐ.சி.யின் முதல் கால் எங்கே வரும் என்று பலகையைப் புரட்டிப் புரட்டி யோசிக்கிற பிள்ளைக்குச் சர்க்யூட் மனசில் பதிந்துவிடுகிறது. திரையில் மட்டும் கோடு இழுப்பவருக்கு அது அவ்வளவு சீக்கிரம் வாய்ப்பதில்லை.

பிறகு பெர்ரிக் குளோரைடு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். டோனர் மூடாத 35 மைக்ரான் செம்பை அது கரைத்துவிடும். சூட்டில் வேகம் கூடும். சித்திரை மாதம் பிளாஸ்டிக் தட்டை மொட்டை மாடியில் வைத்தால் மதுரை வெயிலே பார்த்துக்கொள்ளும். 1936இல் லண்டனில் வானொலிக்கு அச்சுச் சுற்று செய்த பால் ஐஸ்லர் பின்னர் காப்புரிமை பெற்ற வழியும், வேண்டாத செம்பை அரித்தெடுப்பதுதான்.

வேலை முடிந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அதிலுள்ள செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. ஊர்க்கழிவையெல்லாம் சுமக்கும் கிருதுமால் நதிக்கு இதுவும் வேண்டாம். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் பலமுறை பயன்படும். வலுவிழந்ததும் சலவை சோடாவைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைத்துப் பொங்கி, செம்பும் இரும்பும் வண்டலாகப் படியும். அந்த வண்டலைச் சேர்த்துவைத்து, தெரிந்த கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அவர்களுடைய ரசாயனக் கழிவோடு அதுவும் போய்ச் சேரும்.