மெருகுக்கு அடியில் இருக்கும் மண்

பாரிஸ் நகைக்கடைகளில் விற்ற போலி வைரமும், விருத்தாசலத்தில் நாங்கள் பொம்மைக்கு ஏற்றும் கிளேஸும் ஒரே வகைப் பொருள்தான். இரண்டும் கண்ணாடி. ஸ்ட்ராஸ் என்ற நகைத் தொழிலாளி 18-ஆம் நூற்றாண்டில் ஈயம் மிகுந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி, வைரத்தின் ஒளியை அதில் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் பல மொழிகளில் போலிக் கல்லுக்கு இன்றும் அவர் பெயர்தான். நாங்கள் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், சுண்ணாம்புக்கல் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டு மாவாக அரைத்து, சுட்ட மண்மேல் பூசி, மறுபடியும் சூளையில் வைக்கிறோம். உருகுகிறது, ஆறுகிறது, பளபளக்கிறது. இரண்டு இடத்திலும் ஒளிக்கு ஆதாரம் சிலிக்காதான்.

அதனால், மாப்பசானின் 'நெக்லஸ்' கதையை வாசிக்கும்போது பாடப்புத்தகம் சொல்லும் நீதியோடு என்னால் நின்றுவிட முடிவதில்லை. பகட்டு குடியைக் கெடுக்கும், பேராசை பெருநஷ்டம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் பளபளப்பைச் செய்து, அதை விற்றுச் சோறு தின்கிறவனுக்கு அந்தக் கதை இன்னொரு கேள்வியையும் வைக்கிறது. பளபளப்பின் மேல் என்ன குற்றம்?

கதை 1884 பிப்ரவரியில் 'லெ கோலுவா' என்ற பாரிஸ் நாளிதழில் வந்தது. மத்தில்த் ஒரு குமாஸ்தாவின் மனைவி. கணவர் கல்வி அமைச்சகத்தில் வேலை பார்க்கிறார். அந்த அமைச்சகத்தில் மாப்பசானே வேலை பார்த்திருக்கிறார். குமாஸ்தா வீட்டு வரவுசெலவு அவருக்குக் கைப்பாடம். அமைச்சர் வீட்டு விருந்துக்கு அழைப்பு வருகிறது. துப்பாக்கி வாங்கக் கணவர் சேர்த்து வைத்திருந்த 400 பிராங்க் கவுனுக்குப் போகிறது. அடுத்து, நகை இல்லையே என்று அவள் வாடுகிறாள். பத்து பிராங்குக்கு அருமையான ரோஜா இரண்டு மூன்று கிடைக்குமே, வைத்துக்கொள்ளேன் என்கிறார் கணவர். பணக்காரப் பெண்கள் நடுவே ஏழையாகத் தெரிவதைவிட வேறு அவமானம் உண்டா என்கிறாள் அவள். கான்வென்ட் தோழி திருமதி ஃபொரெஸ்தியேவிடம் போய், கறுப்பு சாட்டின் பெட்டியில் இருந்த வைரமாலையை இரவல் வாங்குகிறாள். விருந்தில் எல்லார் கண்ணும் அவள் மேல். வீடு திரும்பிப் பார்த்தால் கழுத்தில் மாலை இல்லை.

தோழியிடம் சொல்லவில்லை. அதேபோல ஒரு மாலையை 36,000 பிராங்குக்கு வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கணவரின் தகப்பன் விட்டுப்போன 18,000 போக மீதி முழுவதும் கடன், வட்டி, புரோநோட்டு. வேலைக்காரியை நிறுத்திவிட்டு மேல்மாடத்து அறைக்குக் குடிபோகிறார்கள். பாத்திரம் தேய்த்து, தண்ணீர் சுமந்து, காசு காசாகப் பேரம் பேசிப் பத்து வருஷத்தில் கடனை அடைக்கிறாள். அதன் பிறகுதான் தெரிகிறது: தொலைந்தது போலி மாலை, அதிகம் போனால் 500 பிராங்க் பெறும்.

மாலை இரவலாகக் கைமாறியபோது யாரும் பொய் சொல்லவில்லை. இது வைரம் என்று தோழி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. மாலையைச் செய்த கை எதுவோ, தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது. அமைச்சர் வீட்டு விளக்கொளியில் அந்தக் கண்ணாடி தன்னால் முடிந்த அளவு ஒளிர்ந்தது. அதை வைரமாக்கியது பார்த்தவளின் ஆசை.

எங்கள் ஊரில் செய்யும் சாமி பொம்மையில் கிரீடத்துக்குத் தங்கக் கோடு போடுவது இரண்டு விதம். உண்மையான தங்கம் கரைந்திருக்கும் லிக்விட் கோல்டைத் தீட்டி, மூன்றாவது முறை சூளையில் வைத்தால் கிளேஸோடு ஒட்டிவிடும். இல்லையென்றால் தங்க நிறப் பெயின்ட். இரண்டும் யோக்கியமான வேலைதான். முதலாவதுக்கு விலை அதிகம், இரண்டாவதைத் துடைத்துத் துடைத்து வைத்தால் நாளாவட்டத்தில் மங்கும். வாங்குகிறவர் கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பெயின்ட் கோட்டைத் தங்கம் என்று சொல்லும் அந்த நொடியில்தான் பொருள் போலி ஆகிறது. அதுவரை அது பெயின்ட் அடித்த பொம்மை, அவ்வளவுதான்.

மத்தில்துக்கு உண்மை தெரிய ஒரு வாய்ப்பு கதைக்குள்ளேயே வருகிறது. மாலை தொலைந்த பிறகு கணவனும் மனைவியும் அந்தப் பெட்டியில் பெயர் இருந்த நகைக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மாலையை நான் விற்கவில்லை, பெட்டி மட்டும் கொடுத்திருப்பேன் என்கிறார். தொழில்காரன் அந்த வரியில் நின்றுவிடுவான். பெட்டி ஓர் இடம், பொருள் வேறு இடம் என்றால், பொருள் எங்கே செய்தது, எதில் செய்தது என்ற கேள்வி தானாக வர வேண்டும். அவர்களுக்கு வரவில்லை. தோழியும் மாலை திரும்பி வந்தபோது பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. வைரம் கையில் இருந்தும் பத்து வருஷம் அது அவளுக்குக் கண்ணாடிதான்.

இதே மாப்பசான் முந்தைய வருஷம், 1883-இல், 'நகைகள்' என்று ஒரு கதை எழுதினார். அதிலும் ஒரு குமாஸ்தா. மனைவி ஆசையாகச் சேர்த்தவை எல்லாம் போலி நகை என்றே நம்பி வாழ்கிறான். அவள் இறந்த பிறகு வறுமையில் விற்கப் போனால், அத்தனையும் அசல். ஒரு கதையில் போலி அசலாகத் தெரிகிறது, மற்றதில் அசல் போலியாகத் தெரிகிறது. இரண்டிலும் குறை ஒன்றுதான்: யாரும் உரைத்துப் பார்க்கவில்லை.

பீங்கான் வேலையில் பாதி, உரைத்துப் பார்ப்பதுதான். முதல் சூளையில் வெந்து, இன்னும் கிளேஸ் பூசாத உருப்படியைப் பிஸ்கட் என்போம்; அதை நாக்கில் வைத்தால் ஒட்டும். எவ்வளவு இழுக்கிறது என்பதில் எவ்வளவு வெந்தது என்று தெரியும். விரலால் சுண்டினால், விரிசல் விழுந்த பாத்திரம் மட்டச் சத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் இருந்தால் ஒன்றை உடைத்து, உடைந்த விளிம்பில் சிவப்பு மை தடவுவோம். மை உள்ளே ஊறினால், மேலே என்ன பளபளப்பு இருந்தாலும் உள்மண் இன்னும் இறுகவில்லை. புதுக் கலவை ஒன்றைச் சந்தைக்கு அனுப்பும் முன் சில உருப்படிகளையாவது உடைக்காத பட்டறையை நான் நம்ப மாட்டேன்.

கிளேஸில் வரும் குறைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மயிரிழை விரிசல். கிரேசிங் என்போம். சூளை ஆறும்போது மண்ணும் சுருங்குகிறது, கிளேஸும் சுருங்குகிறது. கிளேஸ் மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கினால் அது இழுபட்டுப்போகிறது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது; அதனால் வலை வலையாக வெடிக்கிறது. மருந்து எளிது. கிளேஸில் சோடாவையும் பொட்டாஷையும் குறைத்து சிலிக்காவைக் கூட்ட வேண்டும், அல்லது மண்ணில் குவார்ட்ஸைக் கூட்ட வேண்டும். அதிகம் கூட்டினால் எதிர்த்திசையில் கெடும். கிளேஸ் செதில் செதிலாக உரியும். மண்ணும் மெருகும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவு நடுவில் ஓரிடத்தில் இருக்கிறது. அங்கே நின்றால் கிளேஸ் லேசான அழுத்தத்தில் இருக்கும், பாத்திரமும் கூடுதல் உறுதி பெறும்.

இதில் பொல்லாத வகை ஒன்று உண்டு. சூளையிலிருந்து இறக்கும்போது ஒரு கீறலும் இருக்காது. கடையில் இருக்காது, வாங்கியவர் வீட்டிலும் மாதக்கணக்கில் இருக்காது. ஆனால் சரியாக வேகாத மண் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அளவில் உப்பிக்கொண்டே போகும். மேலே இருக்கும் கிளேஸ் உப்பாது. என்றைக்கோ ஒருநாள் இழுபட்டு வெடிக்கும். இந்தத் தாமத விரிசலைக் கண்டுபிடிக்கத்தான் ஓடுகளை ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்தில் வைத்து, 159 டிகிரி செல்சியஸ் நீராவியில் இரண்டு மணி நேரம் சோதிக்கும் சர்வதேசத் தரமுறை இருக்கிறது. வருஷங்கள் கழித்து வரக்கூடியதை அது இன்றைக்கே காட்டிவிடும்.

மத்தில்தின் அதிருப்தி எனக்கு இப்படித்தான் தெரிகிறது. மாலை தொலைந்ததால் வந்த துன்பம் அல்ல அது. கதையின் முதல் பக்கத்திலேயே அவள் இழுபட்டுத்தான் இருக்கிறாள். சுவரின் அழுக்கு, நாற்காலியின் பழசு, ஜன்னல் திரை எல்லாம் அவளைக் குத்துகின்றன. கணவன் ரசித்துச் சாப்பிடும் சூப்பைப் பார்த்தபடி வெள்ளித் தட்டு விருந்தைக் கனவு காண்கிறாள். இருக்கும் வாழ்க்கை ஓர் அளவு, மனம் மேலே பூசிக்கொண்டது வேறோர் அளவு. ஓர் இரவு வெற்றியாக முடிந்திருந்தாலும், மாலை பத்திரமாகத் திரும்பிப் போயிருந்தாலும், மறுநாள் காலை அதே சுவர்தான், அதே இழுப்புதான்.

உரைத்துப் பார்ப்பது பற்றி எங்கள் ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். இங்கே சுந்தரர் பாடி இறைவனிடம் 12,000 பொன் பெற்றார் என்று பெரியபுராணம் சொல்கிறது. மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்பது ஆணை. போடுவதற்கு முன் சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார். திருவாரூரில் மனைவி பரவையார் பக்கத்தில் நிற்கக் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுக்கிறார். மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. மறுபடி பாடுகிறார், பொன் சரியாகிறது.

கொடுத்தவர் இறைவன். வாங்கியவர் அந்த இறைவனுக்கே தோழர். அப்படியிருந்தும் மச்சம் வெட்டினார், உரைத்தார், குறைந்தபோது குறைகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். நட்புக்கு அதனால் ஒரு குந்தகமும் வரவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது. மத்தில்த் தன் தோழியிடம் என்ன விலை என்று கேட்கவில்லை. கேட்டால் ஏழ்மை தெரியும். தொலைத்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, சொன்னால் தாழ்ந்துபோவோம். பகட்டு அவளை வைரம் போட வைத்தது சின்னக் கேடு. அவள் வாயைக் கட்டிப்போட்டதுதான் பெரிய கேடு. ஒரு கேள்விக்கு விலை பத்து வருஷம்.

ஆசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் அதே பிரான்சில் பெர்னார் பலிசி என்று ஒருவர் இருந்தார். வெள்ளை மெருகு ஏற்றிய ஒரு கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, அது எப்படி வந்தது என்று தெரியாமல் தூங்க முடியாதவர். சட்டிகளை வாங்கி உடைத்து, ஓட்டாஞ்சில்லு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கலவையைத் தடவிச் சுட்டுப் பார்த்தார். வருஷக்கணக்கில் தோற்றார். விறகு தீர்ந்தபோது வீட்டு மேசையையும் தரைப் பலகையையும் பெயர்த்துச் சூளையில் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். வீட்டில் வறுமை, ஊரில் ஏளனம். அவர் மனைவி பட்ட பாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மத்தில்துக்கும் அவருக்கும் உள்ள தூரம் பெரிது. அவள் பளபளப்பை அணிந்து பிறர் கண்ணில் பட ஆசைப்பட்டாள். அவர் பளபளப்பின் உள்ளே போய் அதை அறிய ஆசைப்பட்டார். பிறர் பார்வையை நம்பிய ஆசை அந்தப் பார்வை போனதும் பசித்து நிற்கும். அறியும் ஆசைக்கு ஒவ்வொரு தோல்வியும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகும். கடைசியில் பலிசிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை, தம் பக்கத்து ஓடைகளிலும் சதுப்புகளிலும் இருந்த மீனையும் பாம்பையும் பல்லியையும் மண்ணில் வடித்து வண்ண மெருகேற்றிய தட்டுகள். அடுத்தவர் கிண்ணத்தில் தொடங்கித் தன் மண்ணுக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் தொழிலுக்கு இது நேராகப் பொருந்துகிறது. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கம் வெள்ளைக் களிமண் கிடைப்பதால்தான் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை வேரூன்றியது. தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் வந்தன. இன்று சந்தையில் சீனப் பொம்மையின் வழவழப்பும், குஜராத் மோர்பி ஓட்டின் மினுக்கமும் கண்ணைப் பறிக்கின்றன. அதேபோல நமக்கும் வர வேண்டும் என்று அவசரப்பட்டு, நம் மண்ணுக்குப் பொருந்தாத கிளேஸை வாங்கி ஊற்றினால், சூளை வாசலிலோ வாங்கியவர் கொலுப்படியிலோ அது வெடிக்கும். நம் மண் எத்தனை டிகிரி தாங்கும், எவ்வளவு சுருங்கும், எதோடு ஒத்துப்போகும் என்று தெரிந்துகொண்டு, அந்த அளவுக்குள் அழகைத் தேடுவதுதான் வேலை. அது குறைந்த அழகு அல்ல. இதே ஊரில்தான் கொலுப் பொம்மையும் வார்க்கிறோம், ஃபியூஸ் கேரியரும் அழுத்துகிறோம். பொம்மையைப் பத்துப் பேர் பார்த்து மெச்சுவார்கள். ஃபியூஸை யாரும் பார்ப்பதில்லை. மீட்டர் பெட்டிக்குள் இருந்து வீட்டைக் காக்கிறது. இரண்டையும் ஒரே கவனத்தோடு செய்கிறவரைத்தான் நான் நல்ல தொழிலாளி என்பேன்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, ஆசைப்படாதே என்று நான் முடிப்பதில்லை. வயசுப் பிள்ளைகள் ஆசைப்படத்தான் வேண்டும். எதன்மேல் ஆசை வந்தாலும் அதை எடுத்துத் திருப்பிப் பார், சுண்டிப் பார், என்ன விலை, எதில் செய்தது என்று வாய்விட்டுக் கேள் என்கிறேன். கை தவறி உடைந்தால் உடைந்தது என்று அன்றைக்கே சொல். சொல்வதற்குக் கொடுக்கும் விலை எப்போதும் குறைவு. மறைப்பதற்குத்தான் வட்டி ஏறும்.